‘ரிங் மை பெல்’: முதலிடம் பிடித்தும் கவனிக்கப்படாமல் போன ஒரு டிஸ்கோ பாட்டு

1979 ஜூன் 30 தேதியிட்ட பில்போர்டு ஹாட் 100 என்ற அமெரிக்க வாராந்தரப் பாட்டுப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த பாட்டின் பல்லவியை முணுமுணுத்துக் காட்டினால், ஆங்கிலப் பாட்டு கேட்டுப் பழகிய எவரும் உடனே கண்டுகொள்வார்கள். பாடியவர் யார் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுவார்கள். ‘ரிங் மை பெல்’ என்ற அந்தப் பாட்டைப் பாடியவர் அனிட்டா வார்ட். அமெரிக்காவில் இரண்டு வாரமும் பிரிட்டனில் இரண்டு வாரமும் முதலிடத்தில் நின்று, கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசைப் பட்டியலிலும் டிஸ்கோ பட்டியலிலும் தலைமை பெற்று, அந்த ஆண்டின் ஒட்டுமொத்த அமெரிக்கப் பட்டியலில் ஒன்பதாவதாக முடிந்த பாட்டு இது. இவ்வளவு பெரிய வெற்றியைக் கவனிக்கப்படாத பாட்டு என்று சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆயினும் டிஸ்கோவின் வரலாறு நியூயார்க்கின் ஆடலரங்குகள், பிலடெல்பியாவின் வயலின் குழுக்கள், மியூனிக்கின் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவிகள் என்று மூன்று ஊர்களைச் சுற்றியே திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதால், அந்த மூன்றிலும் சேராத இந்தப் பாட்டுக்கு அதில் அரை வரிதான் கிடைக்கிறது. அந்த அரை வரியிலும் இரட்டை அர்த்த வரிகள், விளையாட்டுச் சத்தம், ஒரே பாட்டோடு மறைந்த பாடகி என்ற மூன்று செய்திகளுக்கு மேல் இருப்பதில்லை.

அந்த மூன்று செய்திகளையும் தாண்டி இந்த இசைத்தட்டை முழுமையாகக் கேட்கவேண்டும் என்பதே இந்த ஆய்வின் நோக்கம். ‘ரிங் மை பெல்’ அமெரிக்கத் தெற்கின் சோல் இசைக்குப் பிறந்த பிள்ளை. டிஸ்கோ அது உடுத்திக்கொண்ட உடை மட்டுமே. பாடகியின் பெயர் ஒரே பாட்டோடு நின்றுபோனதற்கும் அவருடைய குரலின் தகுதிக்கும் அதிகத் தொடர்பில்லை. தட்டு எந்தக் கைகள் வழியாகக் கடைக்குச் சென்றது, எந்த மாதத்தில் சென்றது, பாட்டு யாருடைய சொத்தாக இருந்தது என்பவையே அதைத் தீர்மானித்தன.

எழுதியவரும் அவருடைய பட்டறையும்

பாட்டை எழுதித் தயாரித்த ஃபிரெடரிக் நைட், அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்தவர். அவரும் ஒரே பாட்டால் அறியப்பட்ட பாடகர் என்பது இந்தக் கதையில் முக்கியமான உண்மை. 1972-ல் மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஐவ் பீன் லோன்லி ஃபார் சோ லாங்’ என்ற பாட்டில், ஆண் குரலின் இயல்பான எல்லைக்கு மேலே எழும்பும் பொய்க்குரலில் அவர் பாடியிருந்தார்; அது ஹாட் 100-ல் 27-ஆம் இடம்வரை சென்றது. அந்த உயரத்தைப் பாடகராக அவர் பிறகு எட்டவில்லை. 1975 இறுதியில் ஸ்டாக்ஸ் கடனில் மூழ்கி மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த இசைக்கலைஞர் பலரைப் போல நைட்டும் வேறிடம் தேடவேண்டியதாயிற்று. எழுதும் கை மட்டும் அவருக்கு ஓயவில்லை. 1976-ல் மார்லீனா ஷா பாடிய ‘பீ ஃபார் ரியல்’ அவருடைய பாட்டு. அதையே 1992-ல் லெனர்ட் கோஹன் தன் ஆல்பத்தில் பாடினார் என்பதிலிருந்து நைட்டின் மெட்டுகள் எவ்வளவு தூரம் பயணம் செய்யக்கூடியவை என்பது விளங்கும்.

நைட் தன் ஹுவானா என்ற சிறு லேபிளின், அதாவது இசைத்தட்டு நிறுவனத்தின், வேலைகளை மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சனில் உள்ள மலாக்கோ ஒலிப்பதிவுக்கூடத்தோடு இணைந்து செய்தார். மலாக்கோ டிஸ்கோவுக்குப் பெயர்போன இடம் அன்று. 1970-ல் ஒரே நாள் பதிவில் ஜீன் நைட்டின் ‘மிஸ்டர் பிக் ஸ்டஃப்’, கிங் ஃபிளாய்டின் ‘குரூவ் மீ’ ஆகிய இரண்டு சோல் வெற்றிகளைத் தந்த கூடம் அது. 1976-ல் வெற்றிபெற்ற, டோரதி மூர் பாடிய ‘மிஸ்டி புளூ’ என்ற மென்மையான சோகப் பாட்டும் அங்கிருந்தே வந்தது. தெற்கத்திச் சோல் இசைக்கு அங்கே ஓர் இலக்கணம் இருந்தது. வாத்தியங்கள் குறைவாக இருக்கும், அவற்றுக்கு இடையில் காற்றோட்டம் இருக்கும், பாடுபவரின் குரல் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘ரிங் மை பெல்’ கேட்டால், அன்றைய டிஸ்கோ தட்டுகளில் தவறாமல் இருந்த வயலின் அலைகளும் பித்தளை வாத்திய முழக்கமும் இதில் பாட்டை ஏன் மூடவில்லை என்பது புரியும்.

ஹுவானாவின் தட்டுகளை அச்சிட்டு நாடெங்கும் விநியோகிக்கும் பொறுப்பு ஃபுளோரிடாவின் ஹையலீயாவில் ஹென்றி ஸ்டோன் நடத்திவந்த டிகே ரெக்கார்ட்ஸிடம் இருந்தது. ஜார்ஜ் மெக்ரேயின் ‘ராக் யுவர் பேபி’, கேசி அண்ட் தி சன்ஷைன் பேண்டின் தொடர் வெற்றிகள் என்று டிஸ்கோவால் வளர்ந்த நிறுவனம் அது. ஆக, மெம்ஃபிஸின் பாடகி ஒருவர், அலபாமாவின் பாட்டுக்காரர் எழுதி மிசிசிப்பியின் கூடத்தில் உருவான பாட்டைப் பாடி, ஃபுளோரிடா வழியாகக் கடைக்கு அனுப்பப்பட்டார். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் நிற்கும். பின்னால் அதுதான் நடந்தது.

சிறுமிக்கு எழுதிய பாட்டு

நைட் முதலில் இந்தப் பாட்டை வாஷிங்டனைச் சேர்ந்த ஸ்டேசி லாட்டிசா என்ற 11 வயதுச் சிறுமிக்காக எழுதினார். அப்போதைய பொருளில் மணி என்பது தொலைபேசி மணி. பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்துக் கதை பேசுவதைப் பற்றிய பாட்டாகவே அது தொடங்கியது. லாட்டிசா வேறு நிறுவனத்தில் ஒப்பந்தமாகிவிட்டதால் பாட்டு நைட்டின் கையிலேயே தங்கியது.

அந்த நேரத்தில் நைட் அனிட்டா வார்டை வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். வார்ட் மெம்ஃபிஸில் வளர்ந்தவர். மிசிசிப்பியின் ஹாலி ஸ்பிரிங்ஸில் 1866-ல் தொடங்கப்பட்ட, கறுப்பின மாணவர்களின் வரலாற்றுப் பெருமை மிக்க ரஸ்ட் கல்லூரியில் உளவியல் படித்தவர். அங்கே வாத்தியமின்றிப் பாடும் சேர்ந்திசைக் குழுவில் பயின்றவர். தேவாலயப் பாட்டும் கூட்டுப்பாட்டும் பழக்கிய குரல் அது. படிப்பு முடித்து மெம்ஃபிஸ் பள்ளிகளில் மாற்று ஆசிரியராக வேலை பார்த்தார். சில பாட்டுகள் கொண்ட சிறு தட்டு என்று தொடங்கிய முயற்சி முழு ஆல்பமாக விரிந்தபோது, தொகுப்பில் வேகமான பாட்டு ஒன்று குறைகிறது என்று நைட் கருதினார். வார்டின் நாட்டம் மெதுவான காதல் பாட்டுகளில் இருந்தது; ஆல்பத்துக்கு வைத்த ‘சாங்ஸ் ஆஃப் லவ்’ என்ற பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. சிறுமிக்கென எழுதப்பட்ட மெட்டை ஏற்க அவர் தயங்கினார். டிஸ்கோ அலையைத் தவறவிடக் கூடாது என்பது நைட்டின் கணக்கு. நைட் தன் பிடியை விடாமல் வரிகளைப் பெரியவர்களுக்கு ஏற்ப மாற்றி எழுதினார், வார்ட் பாடிக்கொடுத்தார்.

பாடகி பாட விரும்பிய வகைப் பாட்டு எதுவோ அது யாருக்கும் தெரியாமல் போய், அவர் தயங்கிப் பாடியதே உலகெங்கும் அவருடைய முகமாகிவிட்டது. இசைத்தட்டு வணிகத்தில் இப்படி நடப்பது அபூர்வம் இல்லை என்றாலும், இந்தக் கதையில் அதன் விளைவு கடைசிவரை தொடர்கிறது.

பாட்டின் உள்ளே

இனிப் பாட்டையே கேட்போம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 126 தட்டு என்ற வேகத்தில் தாளம் ஓடுகிறது. டிஸ்கோவுக்கு அது வழக்கமான வேகம். காலால் மிதிக்கும் பெரிய டிரம் நான்கு தட்டிலும் சமமாக விழுகிறது. அதன் மேல் ‘டியூவ்’ என்று மேலிருந்து கீழே வழுக்கும் ஒலி ஒன்று சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தப் பாட்டை நினைத்தாலே முதலில் நினைவுக்கு வருவது அந்த ஒலிதான். சினேர் என்ற எலக்ட்ரானிக் டிரம்மின் ஒலி அது. 1970-களின் பிற்பாதியில் விற்பனைக்கு வந்த அந்தக் கருவி பறக்கும் தட்டின் வடிவத்தில் இருக்கும். மேலே தட்டுவதற்கு ரப்பர் பரப்பு. குச்சியால் தட்டியவுடன் உள்ளிருக்கும் மின்சுற்று உயர்ந்த சுதியில் ஒலியெழுப்பி, கண்ணிமைக்கும் நேரத்தில் அந்தச் சுதியைச் சரித்துவிடும். தோல் இழுத்துக் கட்டிய வாத்தியத்திலும் இப்படிச் சுதி நழுவும். உறுமியின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் இழுவையைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது முற்றிலும் அந்நியமான ஒலி ஆகாது. எந்திரத்தின் வழுக்கல் ஒவ்வொரு முறையும் மாறாமல் ஒரே அளவில் வருகிறது என்பதுதான் வேறுபாடு.

1979-ல் இந்த ஒலி எண்ணற்ற தட்டுகளில் தெளிக்கப்பட்டிருந்தது. மற்றவற்றில் அது பெரும்பாலும் ஓர் அலங்காரம். தேவைப்படும் இடத்தில் தூவிவிட்டுப் போவார்கள். நைட் இங்கே அதைத் தாளத்தின் உறுப்பாகவே வைத்துவிட்டார். அதை நீக்கினால் பாட்டின் நடையே குலைந்துவிடும். அதோடு, மணி என்ற பொருளுக்கும் அந்த ஒலிக்கும் இடையே ஓர் உரையாடல் இருக்கிறது. பல்லவியில் மணியோசையும், பின்னணிக் குரல்கள் ‘டிங் டாங்’ என்று மறுமொழி சொல்வதும் மேல் ஸ்தாயியில் மின்னும்போது, எலக்ட்ரானிக் டிரம் அதற்கு எதிர்த்திசையில் கீழே சரிகிறது. ஏறுவதும் இறங்குவதுமான இந்த ஊசலாட்டத்தில் கேட்பவரின் உடம்பும் தானாக அசைகிறது. இதைத் திட்டமிட்டே செய்தார்களா, கைப்பழக்கத்தில் அமைந்ததா என்று வாதிடலாம். என் காதுக்கு இது ஆண்டுக்கணக்கில் பாட்டு கட்டிய ஒருவரின் தேர்ந்த முடிவாகவே கேட்கிறது.

குரலுக்கு வருவோம். டிஸ்கோவின் பெரும்பாலான நாயகிகள் தேவாலய மேடையின் முழு வீச்சோடு பாடியவர்கள்; குளோரியா கேனரும் தெல்மா ஹூஸ்டனும் தாளத்தோடு மல்லுக்கு நிற்பார்கள். வார்ட் அப்படிச் செய்யவில்லை. உயர்ந்த ஸ்தாயியில், மெல்லிய மூச்சோடு, எங்கும் கத்தாமல் பாடுகிறார். சிறுமிக்காக அமைத்த மெட்டு ஆதலால் சுரங்கள் மேலேயே நிற்கின்றன. இசையமைத்தவரே பொய்க்குரலில் பாடிப் பழகியவர் என்பதும் அந்த உயரத்துக்குக் காரணமாக இருக்கவேண்டும். அங்கே நின்று பாடும் வளர்ந்த பெண்ணின் குரலில் இயல்பாகவே ஒரு மென்மை சேர்கிறது. பல்லவியில் ‘பெல்’ என்ற ஓரசைச் சொல்லை அவர் ஒரே சுரத்தில் நிறுத்துவதில்லை. ‘பெ-எ-எல்’ என்று பல சுரங்களாக உடைத்து இழைக்கிறார். நம் மொழியில் சொல்வதென்றால் அது ஒரு குட்டிச் சங்கதி. தேவாலயப் பாட்டில் பழகிய தொண்டைக்கே அது அவ்வளவு சரளமாக வரும். எந்திரத்தின் வழுக்கல் மாறாத அளவில் வருகிறது என்று சொன்னேன். வார்டின் இழைப்போ ஒவ்வொரு முறையும் நூலளவு வேறுபடுகிறது. பாட்டின் உயிர் அந்த நூலளவில்தான் இருக்கிறது.

வரிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். இரட்டை அர்த்தம் என்று முத்திரை குத்தி ஒதுக்கியவர்கள் முதல் சரணத்தைக் கவனித்துக் கேட்டதாகத் தெரியவில்லை. வெளியே போயிருந்தவன் வீடு திரும்புகிறான். வந்துவிட்டாயே என்று அவள் மகிழ்கிறாள், என்னைத் தேடினாயா என்று கேட்கிறாள், அவன் கண்ணிலேயே விடையைப் பார்த்துக்கொள்கிறாள். நீ சாய்ந்து ஓய்வெடு, நான் பாத்திரங்களை எடுத்து வைத்துவிட்டு வருகிறேன் என்கிறாள். டிஸ்கோ பாட்டு ஒன்றில் பாத்திரம் எடுத்து வைக்கும் வரி வருகிறது! அந்தக் காலத்துத் தட்டுகளில் ஆடலரங்கும் சுழலும் விளக்கும் விடியும்வரை ஆடுவதுமே பாடுபொருளாக நிறைந்திருக்க, இந்தப் பாட்டு கடைசிவரை வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. ஆட்டத்தைப் பற்றி அறிவுரையும் இல்லை, அழைப்பும் இல்லை. வேலை முடிந்த மாலையில் இரண்டு பேருக்கு இடையிலான நெருக்கம் மட்டுமே இருக்கிறது. காதலை அடுப்படியிலும் வாசற்படியிலும் வைத்துப் பேசுவது தெற்கத்திச் சோல் பாட்டின் நெடுநாள் வழக்கம். நைட் அந்த வழக்கத்தை ஆடல் தாளத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். ஆசையை ஒரு பெண் தன் வாயால், கூச்சமும் குற்றவுணர்வும் இன்றிச் சொல்வது இதில் இருக்கிறது; அதை மலினம் என்று தள்ளியது கேட்டவர்களின் அவசரம்.

தொலைபேசிக் காலத்து எச்சமும் பாட்டில் இருக்கிறது. எந்த நேரத்திலும், எந்த இடத்திலும் மணியடிக்கலாம் என்ற வரி, பிள்ளைகளின் தொலைபேசிப் பாட்டில் நேர்ப்பொருளிலேயே நன்றாகப் பொருந்தியிருக்கும். சிறுபிள்ளைப் பாட்டின் எளிய எதுகையும் திரும்பத் திரும்ப வரும் சொற்களும் அப்படியே இருக்க, பொருள் மட்டும் வயது ஏறிவிட்டது. பாட்டில் வெகுளித்தனமும் அதற்குள்ளே ஓர் அறிதலும் ஒருசேரக் கேட்பது இதனால்தான்.

வானொலிக்கான சிறு தட்டு மூன்றரை நிமிடம் அளவில் முடிகிறது. ஆடலரங்குகளுக்கென வெளிவந்த 12 அங்குலத் தட்டில் பாட்டு எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஒரு பக்கம் முழுவதற்கும் ஒரே பாட்டு என்பதால் தட்டின் தடங்களை அகலமாக வெட்ட முடிந்தது. பாஸ் ஒலி உரத்தும் தெளிவாகவும் பதிந்தது. 1970-களின் நடுவில் நியூயார்க்கில் உருவான இந்த வடிவத்தை டிகே நிறுவனம் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. வசதியிருப்பவர்கள் இந்தப் பாட்டை நீண்ட வடிவத்தில் கேட்கவேண்டும் என்று வலியுறுத்துவேன், ஏனெனில் குரல் ஒதுங்கித் தாளம் மட்டும் தொடரும் இடங்களில்தான் நைட் எவ்வளவு சிக்கனமாகக் கட்டியிருக்கிறார் என்பது தெரியும்.

1979-ன் கோடை

பாட்டு மே மாதம் ஹாட் 100-க்குள் நுழைந்தது. ஜூன் 30 அன்று டோனா சம்மரின் ‘ஹாட் ஸ்டஃப்’ பாட்டைக் கீழிறக்கி முதலிடம் பிடித்தது. ஜூலை 14 அன்று அதே டோனா சம்மரின் ‘பேட் கேர்ள்ஸ்’ வந்து இதைக் கீழிறக்கியது. ஒருபுறமும் மறுபுறமும் டிஸ்கோவின் பேரரசி, நடுவே மெம்ஃபிஸின் ஆசிரியை. சம்மருக்குப் பின்னால் ஜியார்ஜியோ மொரோடரின் தயாரிப்பும் காசாபிளாங்கா நிறுவனத்தின் விளம்பர பலமும் இருந்தன. வார்டுக்குப் பின்னால் இருந்தவை ஒரு தனி லேபிளும் அந்த ஒரு பாட்டும்தான். அந்த இரண்டு வாரங்களின் மதிப்பை இந்த ஒப்பீட்டை வைத்தே அளக்கவேண்டும். ‘சாங்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பமும் அமெரிக்கப் பட்டியலில் எட்டாம் இடம்வரை ஏறியது.

பிரிட்டனில் ஜூன் 16 அன்று முதலிடம் பிடித்த இந்தப் பாட்டை, ஜூன் 30 அன்று டியூப்வே ஆர்மி என்ற பிரிட்டிஷ் குழுவின் ‘ஆர் ஃபிரண்ட்ஸ் எலெக்ட்ரிக்?’ இறக்கியது. சிந்தசைசரைக் குளிர்ந்த, தனிமையான ஒலியாகக் கையாண்டு அடுத்த பத்தாண்டின் பிரிட்டிஷ் பாப் இசைக்கு வழிவகுத்த பாட்டு என்று அதை எல்லா வரலாறுகளும் கொண்டாடுகின்றன. அது சரியான கொண்டாட்டம்தான். அதற்கு முந்தைய இரண்டு வாரம், எலக்ட்ரானிக் ஒலியை ஒரு வீட்டின் கதகதப்போடு சேர்த்துக் காட்டிய பாட்டு அதே இடத்தில் இருந்தது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

‘ரிங் மை பெல்’ முதலிடத்தில் இருந்த கடைசிப் பட்டியலின் தேதி ஜூலை 7. ஐந்து நாள் கழித்து, ஜூலை 12 அன்று, சிகாகோவின் கமிஸ்கி பார்க் மைதானத்தில் வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால், பேஸ்பால் போட்டிகளுக்கு இடையே ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார். ஒரு டிஸ்கோ தட்டைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டில் நுழைவு என்று அறிவித்ததால் ஏறத்தாழ 50,000 பேர் திரண்டனர். வெடித்தவுடன் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. அடுத்த போட்டி நடக்கவே இல்லை. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்தவரும் பின்னாளில் ஹவுஸ் என்ற ஆடல் இசை வகையை உருவாக்கியவர்களில் ஒருவருமான வின்ஸ் லாரன்ஸ், மக்கள் கொண்டுவந்தவற்றில் டிஸ்கோவே இல்லாத, கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள் பல இருந்ததை நினைவுகூர்ந்திருக்கிறார். டிஸ்கோ மீதான வெறுப்பு தாளத்தின் மீதான வெறுப்பு மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் தேவையில்லை. ஜூலை 21 பட்டியலின் முதல் ஆறு இடங்களிலும் டிஸ்கோவே இருந்தது. செப்டம்பர் 22 பட்டியலின் முதல் பத்தில் ஒரு டிஸ்கோ பாட்டுகூட இல்லை. இரண்டே மாதம்.

இரண்டாவது பாட்டு

அந்த இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் வார்டின் அடுத்த பாட்டு சந்தைக்கு வந்தது. ‘ஸ்வீட் சரண்டர்’ என்ற இரண்டாவது ஆல்பமும் 1979-லேயே வெளியானது. அதிலிருந்து வந்த ‘டோன்ட் டிராப் மை லவ்’ ஹாட் 100-ல் 87-ஆம் இடத்தோடு நின்றது. ஒன்றிலிருந்து எண்பத்தேழு. அந்தப் பாட்டு மோசமான பாட்டு இல்லை. முந்தையதின் நிழலில் கட்டப்பட்டது என்பதே அதன் குறை. ஆனால் அதைவிடச் சிறந்த பாட்டாக இருந்திருந்தாலும் அந்த இலையுதிர்காலத்தில் டிஸ்கோ என்று பெயர்பெற்ற குரலை வானொலி நிலையங்கள் எடுத்திருக்காது என்றே நினைக்கிறேன். ஓரிரு ஆண்டு முன்னர்வரை டிஸ்கோவுக்கு மாறிக்கொண்டிருந்த நிலையங்கள் அப்போது அதைக் கைவிட்டுக்கொண்டிருந்தன. அமெரிக்க இசைத்தட்டு வணிகமே அந்த ஆண்டில் சரிவு கண்டது. விற்காத தட்டுகள் கடைகளிலிருந்து கட்டுக்கட்டாகத் திரும்பின.

நைட்டுக்கும் வார்டுக்கும் இடையே கருத்து வேறுபாடுகள் முற்றின. மெதுவான பாட்டுகளின் பாடகியாகத் தன்னைக் கருதியவரை ஆடல் பாட்டின் பாடகியாக நிறுத்திய வெற்றி, அவருக்கு முன்னால் இரண்டு வழிகளையும் அடைத்துவிட்டது. ஆடல் பாட்டுக்குச் சந்தை இல்லை. காதல் பாட்டு பாடினால் டிஸ்கோ பாடகி என்ற பெயர் முன்னால் வந்து நின்றது. 1981-ல் டிகே நிறுவனமும் திவாலானது. ஸ்டாக்ஸ் மூழ்கியபோது நைட் தன் மேடையை இழந்தார். டிகே மூழ்கியபோது அவர் உருவாக்கிய பாடகி தன் மேடையை இழந்தார். ஆறு ஆண்டு இடைவெளியில் ஒரே வகை விபத்து இரண்டு முறை நிகழ்ந்திருக்கிறது. பாடகர்களின் திறமையை அளக்க ‘ஒரே பாட்டு’ என்ற அளவுகோலை எடுப்பவர்கள் இந்த நிறுவனங்களின் மரணத் தேதிகளையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வார்டின் உண்மையான நாட்டத்தை அறிய ஒரு வழி இன்றும் திறந்திருக்கிறது. ‘சாங்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பத்தின் மற்றப் பாட்டுகளைக் கேட்கலாம். தலைப்புகளே காதலின் ஏக்கத்தையும் பிணக்கையும் சொல்கின்றன. ‘இஃப் ஐ குட் ஃபீல் தட் ஓல்டு ஃபீலிங் அகெய்ன்’ போன்ற பாட்டுகளில் அதே மெல்லிய குரல் அவசரமின்றி வார்த்தைகளில் தங்கிச் செல்கிறது. எலக்ட்ரானிக் டிரம்மின் துணை தேவைப்படாத ஒரு பாடகி அங்கே இருக்கிறார்.

‘ரிங் மை பெல்’ அதன் பாடகியை விட்டுத் தனியே பயணம் செய்தது. 1989-ல் ஆஸ்திரேலியாவில் காலெட் என்ற பாடகி இதைப் பாடி வெற்றி கண்டார். 1991-ல் டிஜே ஜாஸி ஜெஃப் அண்ட் தி ஃபிரெஷ் பிரின்ஸ் இந்தப் பல்லவியின் மேல் ராப் பாட்டு ஒன்றைக் கட்டினார்கள். அது ஹாட் 100-ல் 20-ஆம் இடம்வரை சென்றது. ஒவ்வொரு புதிய வடிவத்துக்கும் பாட்டை எழுதியவருக்கு உரிமைத்தொகை உண்டு. பழைய பதிவை வானொலியில் போடும்போதும் அப்படித்தான். அமெரிக்கச் சட்டப்படி சாதாரண வானொலி நிலையங்கள் ஒரு பதிவை ஒலிபரப்பினால், பாட்டை எழுதியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும் பணம் தரவேண்டும்; பாடியவருக்குத் தரவேண்டியதில்லை. 1995-ல் வந்த சட்டம் டிஜிட்டல் ஒலிபரப்புக்கு மட்டும் பாடகர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. கோபுரத்திலிருந்து அலையாகப் பரவும் வானொலிக்கு அது பொருந்தாது. இன்றைக்கும் அங்கே ஏதோ ஓர் எஃப்எம் நிலையத்தில் அந்த ‘டியூவ்’ ஒலி கேட்டு, அதன் மேல் ‘பெ-எ-எல்’ என்று அந்தக் குரல் இழையும்போது, ஒலிபரப்புக் கணக்கில் எழுதியவரின் பெயர் ஏறுகிறது. இழைத்தவரின் பெயருக்கு அந்தக் கணக்கில் பத்தியே கிடையாது.